மேடைக்காரர்களின் முகம் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் நாடகம் போடுகிறவர்களின் முகங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். நடிகர்கள் கொஞ்சம். விளக்குப் போடுகிறவர், உடை தைக்கிறவர், திரை இழுக்கிறவர், ஒத்திகைக்குச் சாப்பாடு வாங்கி வருகிறவர் என்று மற்றவர்கள்தான் அதிகம். பகலில் எனக்கு வேறு வேலை. படத்துக்கு உட்கார வருகிறவர்களும், தானும் இப்படி வரைந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு தரப்புக் கேள்விகளும் கலந்துதான் இருக்கும்.

நடிகர்கள் சரி. லைட் போடுகிறவரை எதற்கு வரைய வேண்டும்?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் அந்த லைட் போடுகிறவரேதான். "என்னைப் போய் எதுக்குண்ணே, அங்க அவ்வளவு பேர் மேக்கப் போட்டுட்டு நிக்கிறாங்க" என்பார்.

ஒரு முறை தமிழ் நாடகம் ஒன்றின் கன்ட்ரோல் அறையில் ஓரமாக உட்கார எனக்கு இடம் கொடுத்தார்கள். விளக்கும் ஒலியும் எப்போது மாற வேண்டும் என்று ஹெட்செட்டில் சொல்கிற ஸ்டேஜ் மேனேஜர் ஓர் அக்கா. ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தார்; மற்றக் காது அரங்குக்கு. முன்னால் வசனப் பிரதி, அதில் முழுக்கப் பென்சில் குறிகள், ஓரமெல்லாம் வண்ண ஒட்டுத்தாள். மேடையில் பேசுகிறவரின் வசனத்தோடு சேர்ந்து இவர் உதடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. "ஸ்டாண்ட்பை" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மேடையில் இருந்தவர் நான்கு வரியை விழுங்கிவிட்டார். அக்காவின் விரல் பிரதியில் நான்கு வரி கீழே குதித்தது. மூச்சை நிறுத்தினார். கண் இமைக்கவில்லை. "கோ." நிலா வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் வந்தது. பார்வையாளர் யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த "கோ"வுக்கு முந்தைய ஒரு நொடி அவர் முகம் எப்படி இருந்ததோ, அதைத்தான் நான் இத்தனை வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். வேலையில் மூழ்கிய முகம் தன்னை மறந்துவிடும். நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தை விட வேறெதையோ கவனிக்கும் முகத்தில்தான் எனக்கு வரைய விஷயம் கிடைக்கிறது.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. பிரெஞ்சு ஓவியர் தெகா 1870 வாக்கில் பாரிஸ் ஆப்பெரா என்ற இசைநாடக அரங்கின் வாத்தியக் குழுவை வரைந்தார். படத்தின் நடுவில் பஸூன் என்ற குழல் வாத்தியத்தை ஊதும் அவருடைய நண்பர், கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கிறார். மேடையில் ஆடும் பெண்களுக்கோ தலையே இல்லை. கழுத்துக்கு மேல் படத்தின் விளிம்பு வெட்டிவிட்டது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்க வந்த முகங்களை வெட்டிவிட்டு, மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து ஊதுகிறவரை நடுவில் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். படம் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நடிகரை வேஷத்தோடு வரைவீர்களா, வேஷம் கலைத்தபிறகா?

இரண்டிலும் சிக்கல் இருக்கிறது.

வேஷத்தோடு வரைந்தால், வரைவது அவரையா அந்தப் பாத்திரத்தையா என்று படமே குழம்பிவிடும். இந்தக் குழப்பத்தை நல்லபடியாகப் பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட். 1889-இல் எலன் டெரி என்ற ஆங்கில நடிகையை ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வரும் லேடி மெக்பெத் வேடத்தில் வரைந்தார். பச்சையும் நீலமுமாக மின்னும் உடை. அதில் தைத்திருந்தது என்ன தெரியுமா? பொன்வண்டின் சிறகு மூடிகள், சுமார் ஆயிரம். சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் வைத்து நாம் வளர்த்தோமே, அந்த வகைப் பூச்சிதான். படத்தில் அவர் கிரீடத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். அப்படி ஒரு காட்சி அந்த நாடகத்தில் கிடையாது, ஓவியரின் கற்பனை. ஆனால் பார்ப்பவருக்கு முழு நாடகமும் அந்த ஒரு நிற்பில் வந்துவிடும். ஒரு காட்சியை அப்படியே நகலெடுத்திருந்தால் இவ்வளவு நிற்காது.

எதிர்ப்பக்கத்தில் ஜப்பானிய ஷாராகு. 1794, 95-இல் பத்து மாதம் மட்டும், பெண் வேடத்தையும் ஆண்களே கட்டும் கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர்களை மர அச்சில் வரைந்துவிட்டுக் காணாமல் போனவர். பெண் வேடம் கட்டிய ஆணின் கனத்த தாடையை, அடியில் தெரியும் வயதை, அப்படியே போட்டுவிட்டார். ரொம்பவும் உள்ளதை உள்ளபடி வரைந்ததால்தான் நிலைக்கவில்லை என்று பிற்காலத்தில் எழுதி வைத்தார்கள். நடிகரின் கனவுத் தோற்றத்தை வாங்க வந்த ரசிகரிடம் நிஜத்தை விற்றால் யார் வாங்குவார்?

என் வழக்கம் இரண்டுக்கும் நடுவில். ஒன்று, உள்ளே நுழைவதற்கு முன் விங்ஸில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், நிற்கும் அரை நிமிடம். வேஷம் முழுதாக இருக்கும், ஆனால் ஆள் இன்னும் பாத்திரத்துக்குள் போயிருக்க மாட்டார். கை விரலைச் சொடுக்குவார், வேட்டி முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார், தொண்டையைச் செருமக்கூட பயந்து எச்சில் விழுங்குவார். இன்னொன்று, முடிந்தபின் தேங்காய் எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து அரிதாரத்தைத் துடைக்கும் நேரம். நெற்றியும் கன்னமும் சொந்த நிறத்துக்கு வந்திருக்கும்; காதுக்குப் பின்னாலும் மயிர்க்கால் ஓரத்திலும் மட்டும் ராஜாவின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டை வரைந்தால் போதும், கிரீடம் வேண்டாம்.

தமிழில் இப்படி வரைகிற மரபு இருக்கிறதா?

நாடகக்காரர்களுக்காக வரைந்தவர்கள் நமக்கு நிறைய. நாடகக் கம்பெனிகளுக்கு அரண்மனை, காடு, தெரு என்று பெரிய பெரிய திரைச்சீலைகள் தேவைப்பட்டன. காலண்டர் சாமி படங்களால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த கோவில்பட்டி கொண்டையா ராஜுவும் நாடகத் திரை வரைந்தவர்தான். அவர் படங்களில் சாமிகள் நிற்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள்: பின்னால் தூண், மேலே தொங்கும் திரைச்சீலை, முகத்தில் நேராக விழும் வெளிச்சம். நாடக மேடைதான் அது.

ஆக, ஓவியர் நடிகருக்குப் பின்னால் தொங்கும் துணியை வரைந்தார். நான் அந்தத் துணிக்கும் பின்னால் நிற்பவரைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

தமிழ் நாடகக்காரர்களை மட்டும்தான் வரைவீர்களா?

ஆரம்பித்தது அங்கே. ஆனால் சிங்கப்பூரில் எந்த நாடகத்தின் பின்கட்டுக்குப் போனாலும் ஒரே மொழிக்காரர்களாக இருக்க மாட்டார்கள். தமிழ் நாடகத்துக்கு மலாய்க்காரர் செட் அடிப்பார், சீனர் ஒலி பார்ப்பார். வசனம் ஒரு சொல் புரியாவிட்டாலும் எந்த இடத்தில் குரல் உடையும் என்று மூன்றாவது ஒத்திகையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

1988-இல் சிங்கப்பூர் நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் மேடையேற்றிய, தொலைந்த பூனையைத் தேடும் ஒரு தாயைப் பற்றிய நாடகத்தில், ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் அந்த அம்மாவும் தமிழ் பேசும் ஒருவரும் சந்திப்பார்கள். அவரும் பூனையைத்தான் தேடுகிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையும் முகமுமாகப் பூனையின் வால், நிறம் எல்லாம் பேசி முடிப்பார்கள். மொழி தெரியாத ஒரு சீன ஒலிக்காரர் என் முன் உட்காரும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் அந்தக் காட்சிதான் நடக்கிறது. தலையை இடப்பக்கம் திருப்பச் சொல்ல நான் என் தலையைத் திருப்புவேன். அவர் கண்ணாடி பார்ப்பதுபோல எதிர்ப்பக்கம் திருப்புவார்.

ஒத்திகைக்குள் உட்கார்ந்து வரைய விடுவார்களா?

கேட்டால் விடுவார்கள். கேட்கும் விதம் முக்கியம். இயக்குநரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்து உட்காராதீர்கள். ஸ்டேஜ் மேனேஜரிடமும் கேளுங்கள். ஒத்திகை அறையில் யார் எங்கே உட்காரலாம் என்பது அவர் ராஜ்ஜியம். முதல் வாரங்களில் போகாதீர்கள், நடிகர்கள் இன்னும் தப்பு செய்துகொண்டிருப்பார்கள், வெளியாள் கண்ணில் படுவது பிடிக்காது. தொழில்நுட்ப ஒத்திகைதான் நமக்குச் சொர்க்கம். விளக்கு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார்கள். நடிகர் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்பார், கொட்டாவியோடு. இலவச மாடல்.

சின்ன அரங்குகள் வசதி. தேசிய நூலகக் கட்டடத்தில் இருக்கும் டிராமா சென்டர் பிளாக் பாக்ஸ், எஸ்பிளனேட் கலையரங்கின் தியேட்டர் ஸ்டூடியோ மாதிரி இடங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் கண் தெரியும். பெரிய அரங்குகளில் பால்கனியிலிருந்து வரைந்தால் தொப்பி மட்டும்தான் வரும்.

மறக்கக்கூடாத ஒன்று: நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள். ஒரு தடவை வெள்ளைச் சட்டையில் விங்ஸ் பக்கம் போய் நின்றேன். பக்கவாட்டு விளக்கு எரிந்ததும் மேடையில் இல்லாத ஒரு பாத்திரம் போலப் பளிச்சென்று தெரிந்திருக்கிறேன். அன்று வாங்கிய திட்டு நியாயமானது.

இருட்டில் எப்படி வரைவது?

முதலில் பழகிக்கொள்ள வேண்டும். தாளைப் பார்க்காமல் கோடு இழுக்கப் பத்து நாள் வீட்டில் பயிற்சி செய்யுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் செய்யலாம், எதிரில் தூங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

கரி வேண்டாம், உரசும் சத்தம் அமைதியான காட்சியில் அரங்கு முழுக்கக் கேட்கும். 6பி என்ற மென்மையான பென்சில் போதும். கம்பிச் சுருள் போட்ட நோட்டும் வேண்டாம், பக்கம் திருப்பினால் கரகரக்கும். தைத்த நோட்டு நல்லது. இந்தச் சாமானெல்லாம் பிராஸ் பாசா காம்பிளெக்ஸ் என்ற கடைத்தொகுதியில் கிடைக்கும்.

வெளிச்சத்துக்கு, மேடைக்குப் பின்னால் எரியும் நீல விளக்கே சில நேரம் போதும். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு முறை தலையில் மாட்டும் சிவப்பு விளக்கு வாங்கினேன். சிவப்பு வெளிச்சத்தில் கண் இருட்டுக்குப் பழகியது கெடாது என்று படித்திருந்தேன், அது உண்மைதான். அப்போது என் கையில் இருந்தது காவிச் சிவப்புப் பென்சில். வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு சிவப்பு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது! ஒரு மணி நேரம் வரைந்தும் தாள் வெறுமையாகவே இருந்தது. பென்சில் மொட்டையாகிவிட்டதோ என்று சீவிச் சீவிப் பார்த்தேன். இடைவேளையில் விளக்குப் போட்டபிறகுதான் பார்க்கிறேன், பதினொரு தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை.

மேடை வெளிச்சத்தில் நம் தோல் நிறம் பிடிபடவே மாட்டேன் என்கிறது. என்ன கலவை?

கலவைக்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. ஓவியப் புத்தகங்களில் "தோல் நிறம்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோல். வெள்ளையில் ஆரம்பித்துச் சிவப்பும் மஞ்சளும் சேர்க்கச் சொல்வார்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதே வழியில் போய், கடைசியில் கறுப்புச் சேர்த்து இருட்டாக்கினால் முகம் சாம்பல் பூசினதுபோல ஆகிவிடும். நம் ஊர்ப் பள்ளி ஓவியப் போட்டிகளில் பாட்டி முகமெல்லாம் சிமெண்ட் நிறத்தில் இருப்பது இதனால்தான்.

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் ஆழமான, உயிருள்ள இருட்டு கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் சூடு. கறுப்பு ட்யூப் திறக்கவே வேண்டாம். அதன்மேல் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், கொஞ்சம் சிவப்பு. வெள்ளையை மிகக் கடைசியில், மிகக் குறைவாக. கறுத்த தோலில் நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு மேல் விழும் பளபளப்பில்தான் முகத்தின் வடிவம் தெரியும். அந்தப் பளபளப்பு விளக்கின் நிறத்தில் இருக்கும், தோலின் நிறத்தில் இருக்காது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அது வெளிர் நீலம். மேடையில் மஞ்சள் விளக்கின் கீழ் அதுவே வெண்ணெய் நிறம்.

மேடையில் விளக்கின் நிறம் இன்னும் பெரிய ஆட்டம் ஆடும். பழைய டங்ஸ்டன் விளக்குகள் ஒளியின் நிறத்தை அளக்கும் கணக்கில் ஏறக்குறைய 3200 கெல்வின், நல்ல மஞ்சள் சூடு. நம் தோலை அது கொண்டாடும், செம்புக் குடம் மாதிரி ஆக்கிவிடும். இரவுக் காட்சிக்கு ஆழ்ந்த நீலம் போட்டால் கதையே வேறு. பழுப்புத் தோல் நீலத்தை அதிகம் திருப்பி அனுப்பாது. அதனால் முகம் அப்படியே இருட்டுக்குள் போய்விடும், வெள்ளை வேட்டி மட்டும் நடந்து போகும். இது ஓவியர்களை விட விளக்குக்காரர்களுக்குத்தான் அதிகம் தெரியும். நல்ல விளக்குக்காரர் நீலத்தோடு பக்கவாட்டிலிருந்து லேசாக ஒரு சூடான விளக்கையும் சேர்த்துக் கன்னத்தைக் காப்பாற்றுவார். நான் நிறம் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான். "முகத்துக்கு இங்கிருந்து ஒரு ஆம்பர் (மஞ்சள் விளக்கு) கொடுங்க தம்பி" என்று இயக்குநர் கேட்கும்போது எந்த விளக்கு எந்தக் கோணத்திலிருந்து எழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஓவிய வகுப்பில் ஒரு வருடம் சொல்லித்தர முடியாததை ஒரே சாயங்காலத்தில் பார்த்துவிடலாம்.

அப்புறம் அரிதாரம். அது ஏற்கெனவே ஒருவர் வரைந்த ஓவியம். அதை மறுபடி நீங்கள் அழகாக வரைந்தால் இரண்டு பூச்சு ஆகிவிடும். அரிதாரத்தைத் தட்டையாக, பொருட்படுத்தாதது போலப் போட்டுவிட்டு, கண்ணையும் உதட்டின் உள்விளிம்பையும் மட்டும் கவனமாகப் பாருங்கள். மை வைத்த கண்ணிலும் உள்ளே இருக்கும் ஈரம் அவருடையது.

போட்டோ எடுத்துக்கொண்டு வந்து வரையலாமே?

வரையலாம். நானும் எடுப்பேன், உடை மடிப்புக்கும் கையின் அமைப்புக்கும். ஆனால் முகத்துக்குப் போட்டோவை நம்பினால் வரும் தொல்லை, கேமரா இருட்டை மொத்தமாகக் கறுப்பாக்கிவிடும், வெளிச்சத்தை மொத்தமாக வெளுப்பாக்கிவிடும். கண் பார்ப்பது நடுவில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு நிறங்களை. அவை போட்டோவில் இல்லை.

மேலும், நிகழ்ச்சி நடக்கும்போது பெரும்பாலான அரங்குகளில் படம் எடுக்க விடமாட்டார்கள். குழு அமர்த்திய புகைப்படக்காரர் எடுத்த படத்தைப் பார்த்து வரைவதானால் அவரிடம் கேளுங்கள். இணையத்தில் கிடக்கிறதே என்று எடுத்துக்கொள்வது, நாளைக்கு உங்கள் ஓவியத்தை யாரோ டீ-சட்டையில் அடித்து விற்பது மாதிரிதான்.

எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? அசையவே கூடாதா?

மூன்று தடவை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். 25 நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் எழுந்து நடக்கலாம். பேசலாம். தேநீர் உண்டு.

நடிகர்கள் நன்றாக உட்காருவார்கள் என்று நினைப்பீர்கள். அசையாமல் உட்காருவார்கள், சரி. ஆனால் முகத்தில் ஒரு "பாவம்" பிடித்து வைத்துக்கொள்வார்கள், சோகம் என்றால் சோகம். ஒருவர் என்னிடம், "இந்த ஆள் என்ன யோசிச்சிட்டிருக்கான் சார்? சொன்னா நல்லா பண்ணுவேன்" என்றே கேட்டார். அந்த ஆள் நீங்கள்தான் என்று சொல்லிப் பயனில்லை. முதல் ஒரு மணி நேரம் நான் வெறுமனே வரைவதுபோல நடிப்பேன். அவர் நடித்து அலுத்துப்போனபிறகு உண்மையில் ஆரம்பிப்பேன். பின்கட்டுக்காரர்கள் நேர் எதிர். சும்மா உட்காரத் தெரியாது. கையில் வேலை கொடுத்துவிட வேண்டும்: உடைக்காரம்மாவுக்குக் கொக்கி தைக்க ஒரு ரவிக்கை, விளக்குக்காரருக்குச் சுற்றி வைக்க ஒரு கேபிள். கேபிளைச் சுற்ற ஆரம்பித்ததும் தோள் இறங்கும், முகம் வந்துவிடும்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் எண்ணெய் வண்ணம் சாத்தியமா?

பத்து வருடத்துக்கு மேலாக நான் ஒரு படுக்கையறையில்தான் வரைகிறேன். மூன்று எச்சரிக்கைகள்.

டர்பன்டைன் வாடை வீட்டில் சண்டை கிளப்பும். வாடை குறைந்த கரைப்பான் வாங்குங்கள், அப்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். சுருட்டி வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, நிஜம். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

மூன்றாவது, ஈரப்பதம். இங்கே விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். துணி தளர்ந்து தொய்யும், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் படத்தை ஒட்டி மாட்டாதீர்கள். பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள். பலகை மேல் வரைந்தால் தொய்வுப் பிரச்சினையே இல்லை, நான் சின்னப் படங்களுக்கு இப்போது பலகைக்கு மாறிவிட்டேன். சீக்கிரம் காய வேண்டுமானால் அடிப்பூச்சுக்கு அம்பர் (umber) என்ற பழுப்பு மண் வண்ணத்தைப் பயன்படுத்துங்கள், அதிலுள்ள மாங்கனீசு எண்ணெயை வேகமாகக் காயவைக்கும்.

படம் பிடிக்கவில்லை என்று சொன்னால்?

சொல்லியிருக்கிறார்கள். முன்பு ஒரு குழு, தங்கள் மூத்த நடிகர் ஒருவருக்குப் பரிசளிக்க என்னிடம் படம் கேட்டது. அவரை வீட்டில் பார்த்தேன். பல் கட்டு இல்லாமல், ரேடியோவைச் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைத்தான் வரைந்தேன். விழாவில் திரையை விலக்கியதும் கூட்டம் கைதட்டத் தயங்கியது, எனக்குக் கேட்டது. குழுவிலிருந்து மறுநாள் அழைத்து, கொஞ்சம் "இளமையாக" மாற்றித் தர முடியுமா என்றார்கள். ராஜபார்ட் உடையில் அவருடைய பழைய புகைப்படம் ஒன்றையும் அனுப்பினார்கள். நான் மாற்றவில்லை. பாதிப் பணம்தான் வந்தது.

தப்பு யாருடையது? இப்போது யோசித்தால் பாதிக்கு மேல் என்னுடையது. யாருக்காக, எங்கே மாட்ட என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். வழியில் ஒரு தடவையாவது காட்டியிருக்க வேண்டும். இப்போது இரண்டாவது அமர்வு முடிந்ததும் கட்டாயம் காட்டுகிறேன். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், பணம் வேண்டாம், படம் என்னிடம் இருக்கும்.

அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "பல்லு கட்டிக்கச் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். படத்தை அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டார்.

வரைந்த படத்தின் உரிமை யாருக்கு?

படம் உங்களுடையது, பதிப்புரிமை வேறு. சிங்கப்பூரில் பழைய சட்டத்தின்படி, காசு கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னால் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்குப் போனது. 2021 நவம்பர் 21-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தபின், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது வரைந்தவருக்கே. இரண்டு பேரும் எப்படி வேண்டுமானாலும் பேசி மாற்றி எழுதிக்கொள்ளலாம். நான் அரைப் பக்கத் தாள் ஒன்றில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்: நீங்கள் சுவரில் மாட்டலாம், குழுவின் விளம்பரத்துக்குப் போடலாம், என் பெயரைப் போட்டால் போதும், நான் கண்காட்சியில் வைப்பதற்கு முன் உங்களைக் கேட்பேன். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்பார்கள். நண்பர்களுக்குள்தான் தேவை.

எவ்வளவு வாங்குகிறீர்கள்?

நடிகருக்கும் குழுவுக்கும் ஒரு விலை, அளவைப் பொறுத்து. பின்கட்டுக்காரர் தானாகக் கேட்டு வந்தால் துணிக்கும் வண்ணத்துக்கும் ஆகும் காசு மட்டும். இதுவரை தானாகக் கேட்டு வந்தவர்கள் இரண்டே பேர்.

மேடைக்கே வராத ஆட்களையும் வரைந்திருக்கிறீர்களா?

வானொலி நாடகக்காரர்களைக் கேட்கிறீர்கள் என்றால், ஆமாம், அதில் எனக்குத் தனி ஆசை. புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் எழுதிய "அடுக்கு வீட்டு அண்ணாசாமி" அறுபதுகளின் கடைசியில் இங்கே வானொலியில் வந்தது. கம்பம் என்று சொல்லும் கிராமத்து வீடுகளிலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம். அண்ணாசாமிக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு முகம் இருந்திருக்கும். குரலை மட்டும் கேட்டு வளர்ந்த ஒரு பாட்டியிடம், அவர் எப்படி இருந்திருப்பார் என்று கேட்டுக் கேட்டு ஒரு தடவை வரைந்தேன். பாட்டி மூக்கைப் பெரிதாக்கச் சொன்னார், முடியைக் குறைக்கச் சொன்னார், கடைசியில் பார்த்தால் அவருடைய வீட்டுக்காரர்.

வானொலியில் பேசிய மூத்தவர்கள் உட்கார வந்தால் மைக் மாதிரி ஏதாவது ஒன்றை முன்னால் வைத்துவிடுவேன், வெறும் டார்ச் லைட்டாக இருந்தாலும் சரி. கழுத்து தானாக நீளும். கை வசனத்தாள் பிடிக்கும் பதத்துக்கு வந்துவிடும், தாள் சலசலக்காதபடி இரண்டு விரலில்.

என்ன உடை போட்டுக்கொண்டு வரட்டும்? தலைக்குச் சாயம் அடிக்க வேண்டுமா?

வேலைக்குப் போடுவதைப் போட்டு வாருங்கள். கறுப்புச் சட்டை துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தால் ரொம்ப நல்லது, அதில் பச்சையும் ஊதாவும் தெரியும். இடுப்பில் டேப் உருளை தொங்குமானால் அவிழ்க்க வேண்டாம். சாயம் அடிப்பது உங்கள் விருப்பம். முதல் அமர்வுக்கும் மூன்றாவது அமர்வுக்கும் நடுவில் மட்டும் அடிக்காதீர்கள்.